தாக்க முனைதலும் காயம் விளைவித்தலும்
1.7.2024 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, இதோ அடிக்கப்போகிறான் என எதிரே நிற்பவரை அஞ்சவைக்கும் சைகையே தாக்க முனைதல் (பிரிவு 130). மேலே கை படவேண்டியதில்லை. பெரும்பாறைக் காப்பித் தோட்டத்து வேலித் தகராறில் கவாத்துக் கத்தியை ஓங்கினாலே போதும். சைகையில்லாத வெறும் வசவு இதில் சேராது. இங்கிலாந்திலோ பேசாத தொலைபேசி அழைப்பும் தாக்குதலாகலாம் என்று 1997இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை.

அடி விழுந்து வலித்தால் பிரிவு 115: ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கத்தி பட்டால் பிரிவு 118. சிறை 3 ஆண்டு வரை நீளும். எலும்பு முறிவும், 15 நாள் கடும் உடல்வலியும் கொடுங்காயம். முன்பிருந்த 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் இந்த நாள்கணக்கு 20 ஆக இருந்தது. காயத்தின் தன்மையைப் பொறுத்தே பிரிவு மாறுவதால், மருத்துவர் தரும் காயச் சான்றிதழுக்கு வழக்கில் எடை அதிகம்.