உண்ணாத காயின் உலகப் பயணம்

உழவுத் தொழில் உணவின் பொருட்டே தோன்றியது என்று நாம் இளமையில் கற்றோம். ஆயினும், உண்ணுதற்கு ஆகாத ஒரு காயையும் மனித குலம் விதைத்துப் பேணி வந்திருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இலையுதிர் காலத்தில் வீட்டு வாயிலிலும் விருந்து மேசையிலும் அடுக்கி வைக்கப்பெறும் அழகுச் சுரைக்காயே அது. உள்ளங்கையில் அடங்கும் காய்; மஞ்சளும் பச்சையும் வெண்மையும் பட்டை பட்டையாக ஓடும் தோல். ஒன்று முட்டை போன்றிருக்கும். ஒன்று பேரிக்காய் போன்றிருக்கும். மற்றொன்று மேனியெங்கும் பரு நிறைந்திருக்கும். அதன் வரலாறு நம் போன்று ஊர்விட்டு ஊர் வந்து வாழ்வோர்க்கு உவப்பூட்டுவது.

சுரை என்று வழங்கினும், அது பரங்கியின் இனத்தைச் சேர்ந்தது. தாவர நூலார் குக்கர்பிட்டா பெப்போ என்பர். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டில் ஓவாஹாக்கா மாநிலத்துக் கிலா நாகிட்ஸ் என்னும் குகையை 1966இல் அகழ்ந்தபோது அக்காயின் விதைகளும் தோலும் காம்பும் கிடைத்தன. அவ்விதைகளுள் பழமையானவை ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 1997இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. அந்நாட்டார் மக்காச்சோளத்தைப் பயிரிடுவதற்கும் முற்பட்ட காலம் அது! வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் பழங்குடி மக்கள் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் இதனைத் தனியே பயிராக்கினர். இன்றைய சிறிய அழகுக் காய்களுள் பெரும்பாலானவை இக்கிழக்குக் கிளையின் வழிவந்தவையே.

காட்டில் விளைந்த மூலக் காயின் சதையோ கடுங் கசப்புடையது. அங்ஙனமாயின் அதனை ஏன் வளர்த்தனர்? கசப்பு நீக்கிய விதை உணவாயிற்று. உலர்ந்த ஓடு கலமாயிற்று. பிற்காலத்தில் இனிய சதையுடைய வகைகளை மக்கள் தேர்ந்தெடுத்து வளர்த்தனர். கசப்பு மாறாத சிறு காய்கள் கண்ணுக்கு விருந்தாகி நிலைபெற்றன.

1492இல் கொலம்பசு கடல் கடந்தபின், இக்காய் ஐரோப்பாவிற் புகுந்தது. ரோமாபுரியில் அகொஸ்தீனோ கீஜி என்னும் செல்வர்க்கு ஒரு மாளிகை உண்டு. ராஃபேலின் குழுவைச் சார்ந்த ஜோவானி தா ஊதினே என்னும் ஓவியர் 1515க்கும் 1518க்கும் இடையில் அதன் விதானத்தில் காய் கனித் தோரணங்களைத் தீட்டினார். அத்தோரணங்களில் அமெரிக்கப் பரங்கியினக் காய்கள் தொங்குவதை இன்றும் காணலாம். புதிய கண்டத்துக் காய் கால் நூற்றாண்டளவில் அலங்காரப் பொருளாகிவிட்டது! 1542இல் ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் தம் மூலிகை நூலில் இவ்வினத்தைப் படத்துடன் வெளியிட்டார்.

காய் கிழக்கே சென்ற பின்னர், மக்கள் மேற்கே சென்றனர். அயர்லாந்து நாட்டில் அக்டோபர் 31ஆம் நாள் இரவு டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றும் வழக்கம் இருந்தது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அந்நாட்டார் இலட்சக்கணக்கில் அமெரிக்கா சென்றனர். குடைதற்கு எளிய பெரிய பரங்கிக்காய் அங்கே மலிந்து கிடந்தது. கிழங்கை விடுத்துக் காயைக் கொண்டனர். விளக்கை மட்டும் விடவில்லை. 1863இல் லிங்கன் நவம்பர்த் திங்களின் இறுதி வியாழனை நாடு முழுதுக்கும் நன்றி நவிலும் நாளாக அறிவித்தார். அறுவடைக்குப் பின் வரும் அவ்விழாவிலும் இக்காய்கள் மேசையை அணி செய்கின்றன.

இதனை வளர்க்கும் முறை நம் வீட்டுப் பெண்டிர்க்குப் புதிதன்று. பனி நீங்கியபின் விதை ஊன்றிக் கொடியைப் பந்தலில் ஏற்றுவர். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியே மலர்வதால் தேனீயின்றிக் காய் இல்லை. ஏறத்தாழ 100 நாளில் காம்பு காய்ந்து தோல் நகத்திற்கு இடங்கொடாது இறுகும். அப்போது காம்பு சிறிது நிற்குமாறு அறுத்துத் துடைத்து, காற்றோட்டமான நிழலில் ஒன்றையொன்று தொடாமல் பரப்புவர். நன்கு பதப்பட்ட காய் சில திங்கள் நிறம் குன்றாதிருக்கும்.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. அழகுக் காயும் சுக்கினி என்னும் உணவுக் காயும் ஓரினமாதலின், தேனீ இரண்டையும் கலந்துவிடும். அவ்வாறு கலந்த விதை மறு ஆண்டில் நச்சுக் கசப்புடைய காயைத் தரக்கூடும். சமைத்தாலும் அந்நஞ்சு அழியாது. 2015இல் ஜெர்மனியில் தோட்டத்துச் சுக்கினி கசந்திருந்தும் அதனை உண்ட முதியவர் ஒருவர் உயிர் துறந்தார். கசக்கும் காயை உடனே எறிந்துவிடுதலே அறிவுடைமை.

இனி நம் வாயிலை நோக்குவோம். மார்கழி விடியலில் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் மஞ்சட் பூவைச் செருகி வைப்பது நம்மவர் வழக்கம். அவ்வாறு வைக்கும் பரங்கிப் பூவின் பெயரே அதன் பிறப்பைச் சொல்லும். பரங்கியர் என்று நம் முன்னோர் அழைத்த மேனாட்டாரின் கப்பலேறி வந்த அமெரிக்கச் செடி அது. இன்று அதனை அயலார் செடியென்று ஒதுக்குவார் யார்? வந்த காய் நம் கோலத்தில் இடம் பெற்றது. கோலமோ கோலமாகவே நின்றது.

நம் காலனிப் பிள்ளைகள் காவிரிக் கரையைக் காணாமல் வளர்கின்றனர். அடுக்கு வீட்டில் சாணிக்கு எங்கே போவது, பூவுக்கு எங்கே போவது என்று நம்மிற் பலர் கோலத்தையே கைவிட்டுவிட்டோம். கிழங்கு கிடைக்கவில்லையென்று அயர்லாந்தார் விளக்கை அணைத்துவிடவில்லை. மாடித் தொட்டியில் ஒரு பரங்கி விதை ஊன்றுவோம். களிமண் உருண்டையில் அதன் பூவை வைத்து, கோலமிடும் கையைப் பிள்ளைகளுக்குப் பழக்குவோம். பொருள் மாறலாம், வாயில் வெறுமையாகக் கிடத்தல் ஆகாது.