எத்தனை ஜி.பி. போதும்? மடிக்கணினியின் ஒரு நாற்பது ஆண்டுக் கதை



சென்ற முறை நாம் கூடியபோது, சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, லேப்டாப் வாங்கணும். எத்தனை ஜி.பி. இருந்தா போதும்?" ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் வந்த கேள்வி. "எட்டு போதும்ப்பா" என்று சொல்லிவிட்டு அப்பளத்தைக் கவனிக்கப் போய்விட்டேன். கை கழுவும் இடத்தில்தான் மீதியைச் சொன்னார்: "அம்மா வளையலை அடகு வெச்சு வாங்கப் போறோம்ணா. தப்பா வாங்கிடக் கூடாதேன்னுதான் கேட்டேன்."

வீட்டுக்கு வந்த பிறகும் இது உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் உண்டு. 2007-ல் என் அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி எனக்கு மடிக்கணினி வாங்கித் தந்தார். அவரும் இதே கேள்வியைத்தான் கடைக்காரரிடம் கேட்டார். "512 எம்.பி. தாராளம் சார், பையன் படிக்கத்தானே?" என்றார் கடைக்காரர். இறுதி ஆண்டு புராஜெக்ட் வந்தபோது தாராளம் எல்லாம் தரித்திரம் ஆகிவிட்டது. சர்க்யூட் சிமுலேஷனை ஓட விட்டு பிரவுசரையும் திறந்தால் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைக்கும், மவுஸ் நகராது. கடைசியில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு 1 ஜி.பி. மெமரி வாங்கி, ஹாஸ்டல் அறையில் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிச் செருகினேன். மெஷினுக்கு உயிர் வந்தது. அப்பா வாங்கியதில் இருந்த குறையைப் பின்னால் திருத்த முடிந்தது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத்தான் வரப்போகிறேன்.

மேசையும் டிரங்குப் பெட்டியும்

மெமரி, ஸ்டோரேஜ் இரண்டையும் ஜி.பி.யிலேயே சொல்வதால் பலருக்குக் குழப்பம். ஹாஸ்டல் அறையை நினைத்துக் கொள்ளுங்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டிதான் ஸ்டோரேஜ். படிக்கும் மேசைதான் மெமரி. பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரே நேரத்தில் எத்தனை புத்தகத்தை விரித்து வைக்கலாம் என்பதை மேசைதான் தீர்மானிக்கும். மின்சாரம் போனால் மேசை காலி. பெட்டியில் இருப்பது அப்படியே இருக்கும்.

மேசை நிறைந்துவிட்டால் கணிப்பொறி நின்றுவிடாது. சில புத்தகங்களைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, வேண்டும்போது மறுபடி எடுக்கும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962-ல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணிப்பொறியிலேயே இந்த உத்தி வந்துவிட்டது. ஆனால் இதற்கு விலை உண்டு. மெமரியிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ செகண்ட். சுழலும் ஹார்ட் டிஸ்கில் தேடி எடுக்கச் சுமார் 10 மில்லி செகண்ட். லட்சம் மடங்கு வித்தியாசம்! என் மெஷின் கரகரத்தது இதனால்தான்.

கிலோபைட் காலம்

கையில் தூக்கிக்கொண்டு போகும் கணிப்பொறி என்று முதலில் கடைகளில் நன்றாக விற்றது அமெரிக்காவின் ஆஸ்பார்ன் 1. ஆண்டு 1981. எடை சுமார் 11 கிலோ. மடியில் வைத்தால் மடி போய்விடும். மெமரி 64 கிலோபைட். ஹார்ட் டிஸ்க் கிடையாது, இரண்டு ஃப்ளாப்பி டிரைவ்கள்தான். 1982-ல் வந்த கிரிட் காம்பஸ், இன்றைய மடிக்கணினி போலவே மூடித் திறக்கும் அமைப்பு கொண்டது. 256 கிலோபைட் மெமரி. விலை 8,150 டாலர்! நாசா இதை விண்வெளி ஓடத்தில் ஏற்றி அனுப்பியது.

எனக்கு மிகவும் பிடித்தது 1983-ல் வந்த டி.ஆர்.எஸ்.-80 மாடல் 100. நான்கு சாதாரண பேட்டரியில் ஓடும். 8 கிலோபைட்டில் தொடங்கி 32 வரை மெமரி. அதில் மேசையும் பெட்டியும் ஒன்றே! எழுதியதெல்லாம் பேட்டரி காக்கும் மெமரியிலேயே இருக்கும். பத்திரிகை நிருபர்கள் இதைக் கொண்டாடினார்கள். செய்தியை அடித்து, தொலைபேசி வழியே அலுவலகத்துக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. 32 கிலோபைட் அவர்களுக்குப் போதும். ஆக, 'போதுமா' என்ற கேள்விக்குப் பதில் மெஷினில் இல்லை, செய்யும் வேலையில் இருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஐ.பி.எம். பி.சி.யில் இருந்த இன்டெல் 8088 சிப் ஒரு மெகாபைட்டுக்கு மேல் எட்டிப் பார்க்காது. அதிலும் புரோகிராம்களுக்குக் கிடைத்தது 640 கிலோபைட். "640 கே. யாருக்கும் போதும்" என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு கதை உண்டு. அவர் அதைச் சொல்லவே இல்லை என்று மறுத்திருக்கிறார்.

இரண்டு பாதைகள்

1988-ல் பிரெய்ரிடெக் என்ற நிறுவனம் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்கைக் கொண்டு வந்தது. கொள்ளளவு 20 மெகாபைட். மடிக்கணினிக்குள் பெட்டி நுழைந்தது இப்படித்தான். 1992-ல் வந்த ஐ.பி.எம். திங்க்பேட் 700சி-யில் 4 மெகாபைட் மெமரி, 120 மெகாபைட் டிஸ்க்.

மெமரி எப்படி ஏறியது என்று பார்க்க விண்டோஸ் ஒரு நல்ல அளவுகோல். விண்டோஸ் 95-க்குக் குறைந்தபட்சத் தேவை 4 மெகாபைட். 2001-ல் எக்ஸ்.பி.க்கு 64 மெகாபைட். 2009-ல் விண்டோஸ் 7-க்கு 1 ஜிகாபைட். 2021-ல் விண்டோஸ் 11-க்கு 4 ஜிகாபைட். 26 ஆண்டுகளில் ஆயிரம் மடங்கு! இதுவும் மெஷின் உயிரோடு இருக்கத் தேவையான அளவுதான், வேலை செய்ய அல்ல.

ஸ்டோரேஜ் கதை வேறு. 1988-ல் ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் க்ருன்பெர்க் ஆகியோர் தனித்தனியே கண்டறிந்த ராட்சத காந்தத்தடை விளைவை ஐ.பி.எம். 1997-ல் ஹார்ட் டிஸ்கின் தலைப்பகுதிக்குள் கொண்டு வந்தது. டிஸ்கின் கொள்ளளவு மளமளவென்று ஏறியது. அந்த இருவருக்கும் 2007-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதற்குப் பிறகு ஒரு விசித்திரம். 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினியில் 2 ஜி.பி. மெமரி, 320 ஜி.பி. டிஸ்க். 2024-ல் மைக்ரோசாஃப்ட் தன் கோபைலட் பிளஸ் வகை மெஷின்களுக்கு விதித்த குறைந்தபட்சம் 16 ஜி.பி. மெமரி, 256 ஜி.பி. ஸ்டோரேஜ். மேசை எட்டு மடங்கு பெருத்தது, பெட்டி சிறுத்துவிட்டது! காரணம், சுழலும் தட்டு போய் ஃப்ளாஷ் சிப் வந்ததுதான். ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய இந்தச் சிப்பில் வேகம் அதிகம், விலையும் அதிகம். பாட்டும் படமும் இணையத்துக்குப் போய்விட்டதால் சிறிய பெட்டி பலருக்குப் போதுமானது.

ஸ்க்ரூ டிரைவருக்கு வேலையில்லை

இப்போது நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன இடத்துக்கு வருவோம். 2008-ல் ஆப்பிள் மேக்புக் ஏர் வந்தது. மெல்லிசான அந்த மெஷினில் 2 ஜி.பி. மெமரியை போர்டிலேயே சால்டர் செய்துவிட்டார்கள். 2020-ல் வந்த எம்1 மெஷின்களில் மெமரி பிராசசரின் பொட்டலத்துக்குள்ளேயே போய்விட்டது. இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று சொல்லிவிட முடியாது. குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடும் மெமரிக்குக் கம்பித்தடம் குட்டையாக இருக்க வேண்டும். இடையில் சாக்கெட் வந்தால் சிக்னல் கெடும். மற்ற நிறுவனங்களும் பல மாடல்களில் இதே வழியில் போயின. கழற்றி மாட்டும் காம்2 என்ற புதிய வகைக்கு 2023 டிசம்பரில் பொதுத் தரம் வகுத்திருக்கிறார்கள். நல்ல செய்திதான்.

ஆக, முன்பெல்லாம் குறைவாக வாங்கினாலும் ரிச்சி தெரு இருந்தது. சால்டர் செய்த மெஷினில் வாங்கும் அன்று எடுத்த முடிவே கடைசி முடிவு. கடன் வாங்கிக் கடைக்கு வரும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை. போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் 2025 இறுதியில் மெமரி விலை கடுமையாக ஏறியது.

எனவே என் கருத்து இது. எழுத, படிக்க, சிறிய புரோகிராம்கள் போட 8 ஜி.பி. மெமரி போதும். நான்கு வருட இன்ஜினியரிங் படிப்புக்கு 16 வேண்டும். பெரிய கேட் மாடல், சிமுலேஷன், விர்ச்சுவல் மெஷின் என்று போகிறவர்களுக்கு 32. ஸ்டோரேஜ் 512 இருந்தால் நிம்மதி. காசு இடித்தால் 256 எடுங்கள், பின்னால் வெளியிலிருந்து ஒரு டிஸ்க் மாட்டிக் கொள்ளலாம். இரண்டில் ஒன்றைத்தான் கூட்ட முடியும் என்றால் மெமரியைக் கூட்டுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பு கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "மெமரி சால்டர் பண்ணியதா, ஸ்லாட் இருக்கா?" புராஜெக்ட் ரிப்போர்ட்டை எப்போதும் இரண்டு இடத்தில் வையுங்கள். எந்தப் பெட்டியும் ஒருநாள் உடையும்.

அந்தத் தம்பியின் நம்பரைச் சங்கத்தில் கேட்டு வாங்கிப் போன் செய்து, "அன்னிக்கு நான் சொன்னது அரைகுறை பதில்ப்பா" என்று இவ்வளவையும் சொன்னேன். பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "16 நம்ம பட்ஜெட்டுக்கு வரலைண்ணா. எட்டுதான் வாங்கினேன். ஆனா ஒரு ஸ்லாட் காலியா இருக்கறதாப் பார்த்து வாங்கினேன். அம்மா வளையல் திரும்பி வந்ததும் இன்னொரு எட்டு போட்டுக்கறேன்."

அடுத்த சந்திப்புக்கு ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். பந்தியில் சந்திப்போம்!