பெயர் எழுதாத போட்டோ



அன்பின் ஊர் உறவுகளே, இது சற்று நீளமான பதிவு. எமது வீட்டு அலுமாரிகளிலும் ட்ரங்குப் பெட்டிகளிலும் கிடக்கும் பழைய போட்டோக்களைப் பற்றியது. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டிலுள்ள மூத்தவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஆங்கிலேயர் காலத்தில், 1860களுக்குப் பின் இலங்கையில் போட்டோ ஸ்டூடியோக்கள் பெருகின. ஸ்கீன் கம்பனி, ஸ்கோவன் கம்பனி, 1890இல் தொடங்கிய பிளாட்டே கம்பனி என்பன அவற்றுள் பெயர் பெற்றவை. இவர்கள் காடு, மலை, கோப்பித் தோட்டங்களை மட்டும் படம் பிடிக்கவில்லை. இங்குள்ள மனிதர்களையும் பிடித்து, கப்பலில் வரும் பயணிகளுக்கும் தோட்டத் துரைமாருக்கும் விற்றார்கள். அப்படங்களில் எமது முன்னோரும் உண்டு. உயரமான தொப்பியும் தாடியுமாக நிற்கும் அந்த மனிதருக்குப் பெரும்பாலும் ஒரே தலைப்புத்தான்: ‘ஒரு சோனகர்’. அவர் யாருடைய வாப்பா, எந்த ஊர், என்ன வியாபாரம் என்று எழுத அன்று எவருக்கும் தேவை இருக்கவில்லை.

அந்தப் படங்களை வாங்கிய துரைமாரின் குடும்பங்களைப் பாருங்கள். அவர்களுள் சிலருடைய கடிதங்கள், நாட்குறிப்புகள், கணக்குகள், அல்பங்கள் எல்லாம் ஒரே கட்டாக இங்கிலாந்தின் ஆவணக் காப்பகங்களைச் சேர்ந்தன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள ரோயல் கொமன்வெல்த் சங்கத்தின் சேகரிப்பில் இலங்கை பற்றிய இத்தகைய அல்பங்கள் இன்றும் இருக்கின்றன. இவ்வாறான குடும்ப அல்பங்களில் துரையின் கைக்குழந்தைக்குக்கூடப் பெயர் தெரியும், ஏனென்றால் பக்கத்தில் கடிதம் இருக்கிறது. அதே அல்பத்தில் நிற்கும் சமையல்காரருக்கும் துணி மூட்டை வியாபாரிக்கும் பெரும்பாலும் பெயர் இல்லை. அவர்களைப் பற்றிய கடதாசி எதுவும் அந்தக் கட்டில் இல்லை.

நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம் இதுதான். முகத்தைப் படம் காப்பாற்றும். அந்த முகம் யாருடையது என்பதைக் கூட இருக்கும் கடதாசிதான் காப்பாற்றும். இதனால்தான் காப்பகங்களில் ஒரு குடும்பத்தின் கடிதத்தையும் காணி உறுதியையும் போட்டோவையும் தனித்தனியே பிரித்துக் கலப்பதில்லை. எந்த வீட்டிலிருந்து வந்ததோ, அந்த வீட்டுக் கட்டாகவே பதிந்து வைக்கிறார்கள்.

எமது சமூகத்திலும் பெயரோடு நிலைத்த முகங்கள் உண்டு. 1883 ஜனவரியில் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்து, 1901 வரை இங்கு வாழ்ந்த ஒராபி பாஷாவின் படங்கள் இன்றும் அடையாளத்தோடு இருக்கின்றன. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பையின் முகத்தை 1977இல் வெளிவந்த முத்திரையில் நாடே பார்த்தது. பத்திரிகையும் நூலும் எழுத்தும் அவர்களைச் சுற்றி இருந்தபடியால் முகமும் பெயரும் பிரியவில்லை. ஆனால் 1892இல் மருதானையில் ஸாஹிரா தொடங்கியபோது காசு கொடுத்த எத்தனையோ சாதாரண கடைக்காரர்களின் முகம் எமக்குத் தெரியாது.

ஒரு சாதாரண வீட்டுப் படம்கூட வரலாறு பேசும் என்பதற்கு எமது முன்னோரின் துருக்கித் தொப்பி நல்ல உதாரணம். ஒராபி பாஷா வந்த பிறகு அந்தச் சிவப்புத் தொப்பி இங்கு நன்றாகப் பரவியது. 1905இல் சட்டத்தரணி அப்துல் காதர் அதை அணிந்து உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது, அதைக் கழற்றும்படி சொல்லப்பட்டது. அவர் மறுத்தார். அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பின்னர் அனுமதி கிடைத்தது. ஆகவே குஞ்சம் தொங்கும் தொப்பியோடு ஸ்டூடியோக் கதிரையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் மூத்தவாப்பாவின் படத்தில் அழகு மட்டும் இல்லை. அந்தத் தொப்பிக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. படத்தின் பின்புறம் பெயரும் ஆண்டும் இருந்தால் அவர் அந்தக் காலத்துக்குச் சாட்சி. இல்லாவிட்டால் அவரும் ‘ஒரு சோனகர்’தான்.

பெண்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. மார்க்கப் பேணுதலாலும் வெட்கத்தாலும் எமது மூத்தம்மாமார் பலர் படம் எடுக்கவே இல்லை. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் அடையாள அட்டை வழங்கப்பட்டபோதுதான் பலர் முதன்முதலாகக் கமெராவுக்கு முன்னால் அமர்ந்தார்கள். சிலருக்கு ஹஜ்ஜுக்குப் போக எடுத்த கடவுச்சீட்டுப் படம்தான் ஒரே படம். முத்திரை அளவான அந்தச் சிறு படம் தொலைந்தால் அந்த முகமே போய்விடும்.

எவ்வளவோ போய்விட்டது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். அம்மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து துரத்தப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். அந்த அவசரத்தில் சுவரில் மாட்டிய படத்தைக் கழற்ற எவருக்கு மனம் வரும்? 2004 டிசம்பர் 26இல் கிழக்குக் கரையில் வீடுகளோடு அல்பங்களையும் கடல் கொண்டுபோனது. யுத்தமும் கடலும் விட்டுவைத்ததைக் கறையானும் ஈரமும் தின்கின்றன. எல்லாவற்றையும்விட, படத்தைப் பார்த்து “இது இன்னார்” என்று சொல்லக்கூடிய எமது மூத்தவர்கள் ஒவ்வொருவராக மவுத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். ஜனாஸா அடக்கியபின் வந்து படத்தை நீட்டினால் பதில் சொல்ல யாருமில்லை.

ஆகவே இந்த விடுமுறையில் எமது பிள்ளைகளைக் கொண்டு செய்விக்க வேண்டிய சில வேலைகள்:

1. வாப்பும்மா, உம்மும்மாவுக்குப் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு படமாகக் காட்டிப் பெயர், உறவுமுறை, ஊர், எடுத்த சந்தர்ப்பம் ஆகியவற்றைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் போனில் ஒலிப்பதிவும் செய்யுங்கள்.

2. படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனை மை ஊறி முன்பக்கம் வரும்.

3. லெமினேட் செய்யாதீர்கள், பசை பூசி ஒட்டாதீர்கள். ஒட்டும் பக்கங்கள் உள்ள அல்பங்களும் காலப்போக்கில் படத்தைக் கெடுக்கும்.

4. ஸ்கேன் செய்யும்போது பின்புறத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்குதான் இருக்கும். ஸ்கேன் செய்தபின் மூலப் படத்தை வீசவேண்டாம்.

5. படத்தோடு கிடைத்த கடிதம், கலியாண அழைப்பு, பழைய உறுதி, கடைப் பற்றுச்சீட்டு எதையும் குப்பை என்று எரிக்காதீர்கள். ஒரே பெட்டியில் வையுங்கள்.

வீட்டில் பாதுகாக்க வசதி இல்லாதவர்கள் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தை விசாரிக்கலாம். தமிழ் பேசும் மக்களின் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலக நிறுவனத்தோடும் தொடர்புகொள்ளலாம். “எங்கட பொம்பிளைகளின் படம் ஊரெல்லாம் போய்விடுமே” என்ற பயம் நியாயமானது. ஆவணத்தைக் கொடுக்கும்போதே, இன்ன படத்தை இத்தனை வருடத்துக்கு எவருக்கும் காட்டக்கூடாது என்று நிபந்தனை போடுவது காப்பக உலகில் வழமையான நடைமுறை. அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தாரின் சம்மதம் இல்லாமல் முகநூலில் போடுவதுதான் தவறு, பாதுகாப்பது தவறல்ல.

எமது சமூகத்துக்கு வரலாறு இல்லை என்று யாராவது எழுதினால் கோபப்படுகிறோம், பின்னூட்டத்தில் சண்டை பிடிக்கிறோம். அதற்கான பதில் எமது கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டியில் கிடக்கலாம். பெயர் மட்டும் எழுதப்படவில்லை.

இன்று மஃரிபுக்குப் பிறகு ஒரு படத்தை எடுத்து, பெயரைக் கேட்டு எழுதுங்கள். மறைந்த எமது மூத்தவர்களின் கபுறுகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.