மணலோடு மல்லுக்கட்டிய கதை

மேட்டூர்ல தண்ணி திறந்தாச்சுன்னு டிவியில பூ தூவிக் காட்டுவாங்க. கடைமடையில இருக்கிற எங்களுக்கு அது பாதிச் சேதிதான். போன வருஷம் அணையில தண்ணி இருந்துச்சு, எங்க வாய்க்கால்ல மணல்தான் இருந்துச்சு. நாத்தங்கால் மஞ்சளாப் போச்சு. யோசிச்சுப் பார்த்தா, காவிரிப் பாசனத்தோட வரலாறே மணலோட மல்லுக்கட்டின கதைதான்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடம் பள்ளமான ஆறு, கடலுக்குக் குறுக்கு வழி. விட்டால் தண்ணி பூரா அதிலே இறங்கிடும். ஸ்ரீரங்கம் தீவு முடியும் இடத்தில் இரண்டு ஆறும் மறுபடி நெருங்கும். அங்கே தண்ணீரைக் கொள்ளிடத்தில் விழவிடாமல் தஞ்சைப் பக்கம் திருப்பியதுதான் கரிகாலன் பேர் சொல்லும் கல்லணை.

1800-களின் தொடக்கத்தில் முக்கொம்பிலேயே காவிரி வாய் மணல் மூடி மேடாகிவிட்டது. தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் குறைந்தது. ஆர்தர் காட்டன் 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டத் தொடங்கினார். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைப் பழைய கல்லணை கட்டியவர்களிடம்தான் கற்றோம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அதே பாடத்தை வைத்துத்தான் பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணையும் எழுந்தது.

1934-ல் மேட்டூர் அணை வந்தது. 120 அடி, 93.47 டி.எம்.சி. வெள்ளம் வரும் நாளைப் பார்த்து நாத்து விட்ட காலம் போய், ஜூன் 12 என்று தேதி சொல்லும் காலம் வந்தது. ஆனா வண்டல் அணையிலேயே தங்கிடுச்சு.

இதுக்கெல்லாம் கீழே இருந்தது குடிமராமத்து. கோடையில வீட்டுக்கு ஒரு ஆள் மம்பட்டியோட வாய்க்காலுக்குப் போகணும். இதுக்காக வெள்ளைக்காரன் 1858-ல் சட்டமே போட்டான். எங்க தாத்தா காலத்தோட எங்க ஊர்ல அது நின்னு போச்சு. அரசு பார்த்துக்கும்னு நாங்களும் இருந்துட்டோம்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்கும். அணை ஒரு தடவை கட்டுறது. பராமரிப்பு வருஷா வருஷம் செய்யறது.

இந்தச் சித்திரையில பத்து வீட்டுக்காரங்க சேர்ந்து எங்க வாய்க்கால்ல இறங்கினோம். தண்ணி வருமான்னு ஆடியில எழுதுறேன்.