கூடு பறித்த கைகளே காவல் நின்ற கதை

அந்தமான் தீவுகளின் குகைகளில் வாழும் சிற்றுழவாரன் தன் எச்சிலையே இழை இழையாகப் பாறைச் சுவரில் ஒட்டிக் கூடு கட்டுகிறது. கும்மிருட்டில் எதிரொலியைக் கொண்டு வழியறியும் பறவை அது. இறுகி வெண்மையாகும் அக்கூடு சீன உணவில் சூப்பாகிறது. விலையும் மிக அதிகம். அதனால் முட்டையிடும் முன்பே கூடு பிய்த்தெடுக்கப்பட்டது. பறவை மறுபடியும் கட்டியது, அதுவும் பறிபோயிற்று. முட்டையோ குஞ்சோ இருந்த கூடுகளும் தப்பவில்லை.

1990களின் நடுப்பகுதியில், கோவையை அடுத்த ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் ஆய்வாளர் ரவி சங்கரன் இக்குகைகளைத் தேடிக் கணக்கெடுத்தார். நூற்றுக்கணக்கான குகைகள், பல, படகில் மட்டுமே அணுகத்தக்கவை. அவற்றின் இருப்பிடத்தை நன்கறிந்தவர்கள் கூடு பறிப்போரே. கணக்கெடுப்பு காட்டியது பெரும் வீழ்ச்சியை.

பறிப்போரைக் குற்றவாளிகளாக மட்டும் காணாதது சங்கரனின் தனிச்சிறப்பு. குஞ்சுகள் பறந்த பின் வெறுங்கூட்டை எடுப்பதால் பறவைக்கு இழப்பில்லை. அடுத்த பருவத்தில் அது புதிதாகக் கட்டிக்கொள்ளும். காத்திருந்தால் வருவாய் நிலைக்கும் என்பதே அவர் வாதம். இந்தோனேசியாவில் மக்கள் தம் வீடுகளிலேயே இப்பறவையைக் குடியேற்றி வளர்த்த முறை அவருக்கு முன்னுதாரணமாக இருந்தது. வனத்துறையின் துணையோடு இன்டர்வியூ தீவிலும், வட அந்தமானின் சாலிஸ் ஏக் குகைகளிலும் காவல் தொடங்கிற்று. முன்னாளில் கூடு பறித்தோர் சிலரே இனப்பெருக்கப் பருவத்தில் குகை வாயிலில் தங்கிக் காவல் காத்தனர்.

இந்நிலையில்தான் சட்டம் குறுக்கிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இப்பறவை சேர்க்கப்பட்டது. புலிக்கு உரிய அதே பாதுகாப்பு என்பதால் பலரும் வரவேற்றிருக்கலாம். ஆனால் முறையான அறுவடைக்கும் விற்பனைக்கும் அதனால் வழி அடைபட்டது. காத்திருந்தவர்களுக்கு அளிக்கப்பட்ட நம்பிக்கை காகிதத்தளவில் நின்றது. கள்ளச் சந்தைக்கோ அட்டவணை ஒரு பொருட்டன்று. பட்டியலிலிருந்து பறவையை நீக்குமாறு ஒரு பறவைக் காப்பாளரே அதிகாரிகளிடம் வாதாட நேர்ந்தது, இந்தியக் காட்டுயிர் வரலாற்றில் அரிதான காட்சி.

2009 ஜனவரியில், தமது 45ஆம் வயதில், சங்கரன் மறைந்தார். அதற்குள் காவல் இருந்த குகைகளில் கூடுகள் பெருகத் தொடங்கியிருந்தன. காவலற்ற குகைகளில் பறிப்பு நிற்கவில்லை.