இராசபாளையம் நாய்: நிறமும் செவியும்

இராசபாளையம் நாய், விருதுநகர் மாவட்டத்து ஊரான இராசபாளையத்தின் பெயரால் வழங்கப்படும் வேட்டை நாய் இனமாகும். காட்டுப்பன்றி வேட்டைக்கும், பின்னர் தோட்டம், வயல், வீட்டுக் காவலுக்கும் இது வளர்க்கப்பட்டது. பாளையக்காரர் போர்களில் ஆங்கிலேயரின் குதிரை லாயங்களை இந்நாய்கள் தாக்கியதாக ஒரு கதை உண்டு. அதைவிட இவ்வினத்தை அதிகம் மாற்றியது நிறத் தேர்வே.

பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் தூய இனத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டன. கறுப்பு, பழுப்பு நிறக் குட்டிகள் பிறந்தாலும் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டன. இதற்கு விலை இருந்தது. உட்செவியில் ஒலியை உணரும் செல்கள் நிலைத்திருக்க அங்கு நிறமிச் செல்கள் வேண்டும். வெண்மையையே தேடித் தலைமுறைதோறும் இணை சேர்த்ததால் அவை குறைந்து, செவிட்டுக் குட்டிகள் பிறந்தன. டால்மேசியன் இனத்திலும் இக்குறை காணப்படுகிறது.

2005இல் இந்திய அஞ்சல் துறை இவ்வினத்துக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. இன்று வீட்டுக்கு வாங்குவோரும் வெள்ளைக் குட்டியையே கேட்கின்றனர். குட்டி உறங்கும்போது, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்கலாம். ஆனால் ஒரு காது மட்டும் கேளாத குட்டி இச்சோதனையில் தப்பிவிடும்.