ஒரு கிரவுண்டுக்கும் இரண்டே கால் கிரவுண்டுக்கும் இடையே: தாம்பரம் புறநகரில் சிறு கட்டடக்கலை அலுவலகங்களின் வரலாறு

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் நிலத்தைக் கிரவுண்டில் அளந்துதான் பேசுகிறார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. மனைகள் பெரும்பாலும் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு. இரண்டு மூன்று பேர் மட்டுமே வேலை செய்யும் கட்டடக்கலை அலுவலகங்களுக்குப் படியளந்து வந்தவை இந்த மனைகளே. அவ்வலுவலகங்களின் ஏற்ற இறக்கத்தை வீட்டு முகப்புகளின் மாற்றத்தைக் கொண்டோ, டிராயிங் போர்டு போய்க் கணினி வந்ததைக் கொண்டோ விளக்கிவிட முடியாது. அனுமதிச் சட்டங்கள் காலந்தோறும் வகுத்த பரப்பளவு வரம்புகளே அவற்றின் பிழைப்பை முடிவு செய்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு 1931 மே 11இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே டாக்டர் சௌரி முத்து இங்கே காசநோய் சானடோரியத்தை நிறுவியிருந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் சேலையூர்க் காட்டுக்கு இடம்பெயர்ந்தது. அதன் கட்டடங்களை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹென்றி ஷாட்டி. பெரிய நிறுவனம் என்றால் வடிவமைப்பாளர் ஒருவர் இருப்பார். சாதாரண வீட்டுக்கு மேஸ்திரி போதும் என்ற பிரிவினை அப்போதே தெளிவாகிவிட்டது. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறு சேர்த்து மெட்ராஸ் டெரஸ் போட மேஸ்திரிக்கு வரைபடம் தேவைப்படவில்லை. அஸ்திவாரத்துக்குப் பல்லாவரம், திரிசூலம் குன்றுகளின் கருங்கல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. எல்.எம். சித்தாலே 1932இல் சென்னையில் தொடங்கியது போன்ற கட்டடக்கலை நிறுவனங்கள் நகரத்துக்குள்ளேயே இயங்கின.

புறநகருக்குக் கட்டடக்கலைஞர் வந்து சேர்வதற்கான சட்ட அடித்தளம் அடுத்தடுத்த சில ஆண்டுகளில் அமைந்தது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. மறு ஆண்டு நாடாளுமன்றம் கட்டடக்கலைஞர்கள் சட்டத்தை இயற்றியது. அதே 1972இல் தற்காலிக அமைப்பாகத் தோன்றிய பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1974ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்டபூர்வ அதிகாரம் பெற்றது. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1957இலேயே கட்டடக்கலைத் துறை தொடங்கப்பட்டிருந்ததால் பயின்றவர்கள் இருந்தார்கள். இனி அவர்களுக்கு அனுமதி வரைபடம் என்ற வேலையும் இருந்தது.

ஆனால் அந்த வேலை அவர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. உள்ளாட்சி உரிமம் பெற்ற லைசென்ஸ்டு சர்வேயரும் அதே வரைபடத்தில் கையெழுத்துப் போடலாம். கட்டடக்கலைஞர்கள் சட்டம் பெயரைத்தான் காத்தது. தொழிலுக்கு வேலி போடவில்லை. இதை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில், நொய்டா தொடர்பான ஒரு வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்தது: பதிவு பெறாதவர் 'ஆர்க்கிடெக்ட்' என்று தன்னை அழைத்துக்கொள்ள முடியாது, ஆனால் அந்த வேலையைச் செய்வதற்குத் தடையில்லை. மறுபுறம், 1989ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிகள், பதிவு பெற்ற கட்டடக்கலைஞர் தன் சேவையை விளம்பரப்படுத்தக் கூடாது என்றன. பில்டரின் பெயர்ப்பலகை ஜி.எஸ்.டி. சாலை நெடுகத் தெரியும். கட்டடக்கலைஞரோ தெரிந்தவர் சொல்லித்தான் அறிமுகமாக வேண்டும். பெரிய நிறுவனங்களை உத்தேசித்து வகுத்த கண்ணியம் சிறு அலுவலகங்களின் தோளில்தான் பாரமாக இறங்கியது என்று கருதுகிறேன்.

சிமெண்ட் கட்டுப்பாடு 1982இல் பாதியாகவும் 1989இல் முழுதாகவும் நீங்கியது. சென்னை ஏற்றுமதி மண்டலம் 1984இல் தாம்பரத்தில் அமைந்தது. வேலை, ரயில், தடையின்றிக் கிடைக்கும் சிமெண்ட் மூன்றும் சேர்ந்ததும் வயலும் ஏரி ஆயக்கட்டும் மனைகளாயின. இந்த மனைப்பிரிவுகளில் பல முறையான அனுமதி இல்லாதவை. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல் ஒரு தலைமுறைக்கே நம்பிக்கை கொடுத்தது. வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிக்கு அனுமதி வரைபடம் வேண்டும். ஆகவே வரைபடம் போட்டார்கள். கட்டியது வேறாக இருந்தது. சட்டம் இதைத் தடுப்பதைவிடப் பின்தொடர்ந்து போய்ச் சரிக்கட்டியது. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் சேர்த்த 113-ஏ பிரிவு, 1999 பிப்ரவரி 28 வரை கட்டப்பட்ட விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறை செய்ய வழி திறந்தது. இதன் விளைவு சிறு அலுவலகங்களின் உள்ளேயே தெரிந்தது. அனுமதிக்கு ஒன்று, கட்டுவதற்கு ஒன்று என இரண்டு வரைபடங்கள் வழக்கமாயின. முதலாவதற்கு மட்டும் கூலி கிடைத்தது. இரண்டாவதை மேஸ்திரி மனத்திலேயே வைத்திருந்தார்.

இந்தப் போக்கை ஒரு நீதிமன்ற உத்தரவு நிறுத்தியது. 2016 செப்டம்பர் 9இல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. பதிவு இல்லையென்றால் கடன் இல்லை, கடன் இல்லையென்றால் கட்டடம் இல்லை. 2017 மே மாதம் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு வழி கொடுத்தன. புது வீடு வரைய வேண்டிய அலுவலகங்கள் பழைய மனைகளை அளந்து, பட்டாவோடும் சாலை அகலத்தோடும் ஒத்துப்பார்க்கும் வேலைக்குத் திரும்பின. வருமானம் குறைவான வேலை அது. ஆயினும் தங்கள் வட்டாரத்தின் நிலம் எப்படித் துண்டானது என்ற அறிவை அது கொடுத்தது. அதை எந்தக் கல்லூரியும் கற்றுத் தந்திருக்க முடியாது.

அதற்குச் சற்று முன்பு நடந்த இரு நிகழ்வுகள் பொறுப்பு பற்றிய கேள்வியை எழுப்பியிருந்தன. 2014 ஜூன் 28இல் மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற மற்றொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மண் பரிசோதனை, கட்டமைப்புக் கணக்கு, கள மேற்பார்வை ஆகிய ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று வீட்டுக்காரர்கள்கூடக் கேட்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது நிகழ்வு 2015 டிசம்பர் மழை. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததே எல்லாவற்றுக்கும் காரணம் என்று பேசப்படுவதுண்டு. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கு மேற்புறத்தில் இருக்கிறது. இங்கே வந்த வெள்ளம் ஆதனூர், மணிமங்கலம் போன்ற ஏரிகள் நிரம்பி வழிந்து அடையாற்றின் தலைப்பகுதியில் சேர்ந்த நீர். இந்த வேறுபாடு கட்டடத்துக்கு மிக முக்கியம். வெள்ளத்துக்குப் பிறகு வந்த வீட்டுக்காரர்கள், "ரோட்டிலிருந்து மூணடி ஏத்திடுங்க சார்" என்றார்கள். ரோடு நிலையான மட்டம் அல்ல. பழைய தார் சுரண்டப்படாமல் ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்கிறது. ஒவ்வொருவரும் தன் மனையை மட்டும் மண் கொட்டி ஏற்றினால் நீர் அடுத்த மனைக்குப் போகும். தரைமட்டத்தை அருகிலுள்ள ஏரியின் கலங்கல் மட்டத்தையும் 2015இல் சுவரில் நின்ற நீர்க்கோட்டையும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கோடு எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் என்பது உள்ளூர் அலுவலகத்துக்குத் தெரியும். சதுர அடி ரேட்டில் 'பிளான் இலவசம்' என்று தரும் பில்டருக்கு அதைத் தேடிப் பார்க்கும் தேவையே இல்லை.

பொருளும் மாறிவிட்டது. ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு வந்ததும் எம்-சாண்ட் வந்தது. அதில் தூள் மிகுந்து, நீராற்றுவதும் குறைந்தால், பூச்சு வெடிக்கும். சேலையூர்ப் பக்கம் சில அடியிலேயே பாறை தட்டும் மனைகள் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய மென்களிமண்ணில் பைல் இல்லாமல் மாடி எழுப்புவது ஆபத்து. ஒரே வரைபடத்தை இரண்டு இடத்திலும் கட்ட முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி, அண்மைச் சட்டங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத, அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களைப் பதிவிலிருந்து விலக்கியது. 500 சதுர மீட்டர் ஏறத்தாழ இரண்டே கால் கிரவுண்டு. பதிவான திட்டத்தில் தனிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க கட்டடக்கலைஞர், பொறியாளர், பட்டயக் கணக்காளர் மூவரின் சான்றும் வேண்டும். விலக்குப் பெற்ற சிறு அடுக்ககத்தில் அந்தச் சான்றுக்கான தேவையே எழவில்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தபோது தளப்பரப்புக் குறியீடு 1.5இலிருந்து 2 ஆக உயர்ந்தது. ஒரு கிரவுண்டு தனி வீடு ஸ்டில்ட்டோடு கூடிய அடுக்ககமாவது மேலும் லாபகரமாயிற்று. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானதும் வெவ்வேறு அலுவலகங்களின் வெவ்வேறு வழக்கங்கள் ஒரே குடையின் கீழ் வந்தன.

கடைசி வரம்பு 2024 ஜூலையில் வரையப்பட்டது. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர் சுயசான்று அளித்து ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடியாக அனுமதி பெறலாம்; முன்கூட்டிய கள ஆய்வு கிடையாது, பணி முடிவுச் சான்றும் தேவையில்லை. அலைச்சலும் கையூட்டும் குறைந்தது வீட்டுக்காரருக்கு உண்மையான நன்மை. அதை வரவேற்கவே வேண்டும். ஆனால் 2,500 சதுர அடி என்பது ஒரு கிரவுண்டுக்குச் சற்றே கூடுதல். ஐம்பது ஆண்டுகளாகச் சிறு அலுவலகங்கள் அனுமதி வரைபடம் போட்டுப் பிழைத்த மனை அப்படியே இந்த வரம்புக்குள் வந்துவிட்டது.

இரண்டு வரம்புகளையும் அருகருகே வைத்தால் தென்புறநகரின் நிலை புரியும். ஒரு கிரவுண்டுக்குள் அரசு வீட்டுக்காரரின் சொல்லை நம்புகிறது. இரண்டே கால் கிரவுண்டுக்கு மேல், எட்டு வீடுகளையும் தாண்டினால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் கண்காணிக்கிறது. இடைப்பட்ட மனைகளில், எட்டு வீடுகள் வரையிலான ஸ்டில்ட் அடுக்ககங்களில், வாங்குகிறவருக்கு அனுமதி வரைபடத்துக்கு அப்பால் சுதந்திரமான சான்று கிடைப்பதில்லை. கடைக்கால் ஆழம், பேஸ்மட்ட உயரம், கம்பி கட்டும் நிலை, கான்கிரீட் போடும் நாள் ஆகிய நான்கு கட்டங்களிலும் கட்டடக்கலைஞரும் கட்டமைப்புப் பொறியாளரும் களத்துக்கு வந்து எழுதிக் கொடுக்கும் குறிப்பை, விற்பனைப் பத்திரத்தின் இணைப்பாக்க மாநகராட்சி விதி செய்யலாம். அதற்கான கட்டணம் ஒரு வீட்டின் விலையில் மிகச் சிறு பங்கே ஆகும். முடிச்சூரிலும் மேடவாக்கத்திலும் தெருவாரியாக மண்ணும் நீரும் அறிந்த அலுவலகங்கள் அந்த வேலையை ஏற்க இன்றைக்கே தகுதி பெற்றிருக்கின்றன.